இயர்போன் கோளாறா, ரப்பர் கோளாறா?

குன்னூரில் சின்னதாக ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறேன். "சவுண்டே சரியில்லண்ணா, வேற ஒண்ணு குடுங்க" என்று இயர்போனை மேசையில் போடுபவர்களுக்கு நான் உடனே வேறு இயர்போன் எடுத்துக் காட்டுவதில்லை. முனையில் இருக்கும் ரப்பரைக் கழற்றி, வேறு அளவு மாட்டி, "இப்போ கேட்டுப் பாருங்க" என்பேன். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும். இப்படியே போனால் கடை எப்படி நடக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஒரே பேச்சைத் தினமும் பேசி அலுத்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு என்ன தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

கையில் வேண்டியவை: டப்பாவுக்குள் சின்னப் பிளாஸ்டிக் பையில் வந்த மற்ற ரப்பர்கள் (பாதிப் பேர் டப்பாவோடு தூக்கிப் போட்டிருப்பார்கள்), பழைய மிருதுவான டூத் பிரஷ், டார்ச், இன்னொரு போன். அப்புறம் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டு. தவிலோ பாஸ் கிடாரோ தெளிவாகக் கேட்கும் பாட்டாக இருக்கட்டும். ஈக்வலைசரை, அதாவது போனில் ஒலியின் தன்மையைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்கை, அணைத்துவிட்டு, கடைசிவரை அதே பாட்டு, அதே வால்யூம்.

## பாட்டு சப்பென்று இருக்கிறது, பாஸ் இல்லை

அதிகம் வருவது இதுதான். பாட்டை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் இயர்போனை விரலால் மெதுவாக உள்ளே அழுத்திப் பிடியுங்கள்.

அழுத்தினால் பாஸ், அதாவது 'தும் தும்' என்ற கனத்த அடி ஒலி, ஏறுகிறதா? அப்படியானால் இயர்போன் நன்றாக இருக்கிறது. காதுக்கும் ரப்பருக்கும் நடுவே காற்று போக வழி இருக்கிறது, அந்த வழியாகப் பாஸ் வெளியே போய்விடுகிறது.

டப்பாவிலிருந்து வரும்போது நடு அளவுதான் மாட்டியிருக்கும். கொஞ்சம் உறுத்தினால் சின்னதுக்கு மாறுவது எல்லோரும் செய்யும் தவறு. சின்ன ரப்பர் உள்ளே சுலபமாகப் போகும், ஆனால் சுவரைத் தொடாமல் நிற்கும். பாஸ் போய்விடும். முதலில் ஒரு அளவு பெரியதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவு என்று யாரும் எழுதித் தரவில்லை. எனக்கே இடது காதுக்குப் பெரியது, வலதுக்கு நடு அளவு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு, கடை வைத்திருப்பவனுக்கு, ஆறு வருஷம் ஆனது.

மாட்டும் விதமும் முக்கியம். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுத் துளை நேராகும். இயர்போனை லேசாகத் திருகி உள்ளே விட்டு, பிறகு மடலை விடுங்கள். இப்போது வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் முழங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாதாரணமாகக் கேட்டால் அந்தப் பக்கம்தான் ஒழுகல்.

மூன்று அளவும் போட்டாயிற்று, பேசினால் அல்லது கொட்டாவி விட்டால் பாஸ் போய்விடுகிறதா? தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமும் மாறும். சிலருக்கு அது அதிகம். இவர்களுக்குப் பஞ்சு முனை, அதாவது ஃபோம், சரிப்படும். விரலால் உருட்டி ஒடுக்கி, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். இந்தப் பிடித்திருப்பதைத்தான் யாரும் செய்வதில்லை. உடனே விட்டால் வெளியே வந்து நிற்கும், பிறகு "பஞ்சு சரியில்லை" என்று திரும்பக் கொண்டுவருவார்கள். பஞ்சில் பாஸ் நன்றாக வரும், மேல் ஸ்வரங்களின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். சில மாதங்களில் நைந்துபோகும், மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு பிடிக்காதவர்கள் இரண்டு அடுக்கு ரப்பரைப் பார்க்கலாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ரப்பர் மாட்டும் குழல் எல்லா இயர்போனிலும் ஒரே பருமன் அல்ல. சிலதில் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், சிலதில் 6-ஐத் தொடும். ஏர்பாட்ஸ் ப்ரோ போன்றவற்றில் வட்டமாகவே இருக்காது, அதற்கென்று செய்த முனைதான் சேரும். அதனால் ஆன்லைனில் குத்துமதிப்பாக வாங்காமல் இயர்போனையே கடைக்குக் கொண்டு போங்கள். தொளதொளவென்று இருக்கும் ரப்பர் ஒருநாள் காதுக்குள்ளேயே தங்கிவிடும். விளிம்பு வெளியே தெரிந்து விரலில் பிடிபட்டால் இழுத்துவிடலாம். பிடிபடாவிட்டால் ஹேர்பின், ஊக்கு, சாமணம் எதையும் விடாதீர்கள், இன்னும் உள்ளேதான் போகும். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

அழுத்தினாலும் பாஸ் ஏறவில்லையா? இன்னொரு போனில் மாட்டிக் கேளுங்கள். அங்கே நன்றாக இருந்தால் உங்கள் போனின் செட்டிங்கில்தான் ஏதோ இருக்கிறது. அங்கேயும் அப்படியே என்றால் முனையில் இருக்கும் வலையை டார்ச் அடித்துப் பாருங்கள். அழுக்கு இருந்தால் கடைசித் தலைப்புக்குப் போங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் அந்த இயர்போனின் குணமே அதுதான். அப்போது வேறு வாங்கலாம், நானும் மறுக்க மாட்டேன்.

## பின்னணி இசை கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் காணோம்

ஒயர் இயர்போனில் மட்டும் வருவது. ஜாக் முழுதாக உள்ளே போகவில்லை. போனின் தடித்த உறையைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். அப்படியும் வந்தால் போன் துளையில் பஞ்சுத்தூசு அடைந்திருக்கும். ஸ்வெட்டர் பையில் போன் வைக்கும் ஊர் இது, நான் எடுத்த தூசையெல்லாம் சேர்த்தால் ஒரு தலையணை தைக்கலாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் எடுங்கள், ஊசி வேண்டாம். இரண்டுமே இல்லை என்றால் ஜாக்கின் அடியில் உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. சால்டர் வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நூறு, இருநூறு ரூபாய் இயர்போனுக்கு அந்தக் கூலி கட்டாது.

## வால்யூமை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது

பஸ்ஸில், டீ ஃபேக்டரியில் இரைச்சல் அதிகம், அதனால் ஏற்றுகிறேன் என்பார்கள். ரப்பர் சரியாக அடைத்தால் வெளி இரைச்சல் குறையும், ஏற்றத் தேவையே இருக்காது. முதல் தலைப்பில் சொன்ன சோதனையை இங்கேயும் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். இயர்போனைக் கழற்றிய பிறகு காதில் 'ங்ங்' என்று இரைந்தால் அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். மறுநாளும் இரைச்சல் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. நன்றாக அடைக்கும் ரப்பரோடு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் சாயங்காலம் நடக்காதீர்கள். இரண்டு எட்டு தள்ளிக் காட்டெருமை நின்று மூச்சு விட்டாலும் கேட்காது. நடக்கும்போது ஒரு காது திறந்திருக்கட்டும்.

## 'ச', 'ஸ' வரும்போதெல்லாம் ஊசி குத்துகிறது

இன்னும் ஒரு நூலளவு உள்ளே தள்ளி மாட்டிப் பாருங்கள். குறையாவிட்டால் வாய், அதாவது சத்தம் வெளியே வரும் துளை, குறுகலான ரப்பர் போடுங்கள். வாய் அகலமானது கூர்மையைக் கூட்டும், குறுகலானது கொஞ்சம் அடக்கும். அதற்கும் அடங்காததைப் பஞ்சு அடக்கும். கடைசியாக ஈக்வலைசரில் 6-லிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கலாம். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் அந்த இயர்போனும் உங்கள் காதும் சேராது. ஜாதகப் பொருத்தம் மாதிரிதான், அடுத்தவருக்கு அதே இயர்போன் இனிக்கும்.

## கழன்று விழுகிறது

ரப்பரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். காதின் எண்ணெய்ப் பசைதான் பாதி வழுக்கலுக்குக் காரணம். அப்புறமும் விழுந்தால் அளவு சின்னது என்று நினைப்போம். பெரிய ரப்பரும் விழும். உள்ளே போகாமல் வாசலில் நின்று, தாடை அசையும்போது பிதுக்கித் தள்ளப்படும். ஒயர் உள்ளதைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்பக்கமாக இறக்கினால் ஒயரின் எடை இழுக்காது. ஒயர் இல்லாத இயர்பட்ஸை உள்ளே விட்டபின் தண்டு வாயைப் பார்க்கும்படி கொஞ்சம் திருப்ப வேண்டும், நேராகக் கீழே தொங்கவிடக் கூடாது.

## அரை மணி நேரத்தில் காது வலிக்கிறது

எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வேன். பதில் அங்கே இருக்கிறது.

துளைக்குள் வலித்தால் ரப்பர் பெரியது அல்லது விறைப்பானது. ஒரு அளவு இறக்குங்கள், இறக்கினால் பாஸ் ஒழுகும் என்றால் பஞ்சுக்கு மாறுங்கள்.

துளைக்கு வெளியே, காதின் கிண்ணம் போன்ற பகுதியில் வலித்தால் இயர்போனின் உடலே உங்கள் காதுக்குப் பெரியது. இதற்கு எந்த ரப்பரும் மருந்தில்லை. சின்ன உடல் உள்ளதைத் தேடுங்கள். பழைய தோட்டா வடிவ இயர்போன்கள் சின்னக் காதுக்காரர்களுக்கு இன்றும் நன்றாகச் சேரும். தினமும் பல மணி நேரம் போட்டே ஆக வேண்டியவர்கள் கோயம்புத்தூரில் கேட்பியல் நிபுணரிடம் காதை அச்சு எடுத்து அதற்கேற்ற முனை செய்துகொள்ளலாம். ஆயிரக்கணக்கில் ஆகும், முதலில் பத்து விதம் ரப்பர் போட்டுப் பார்த்த பிறகு போங்கள்.

வெளியே போனால்தான் வலிக்கிறது, வீட்டில் வலிக்கவில்லை என்றால் குல்லாவைப் பாருங்கள். இது சமவெளிக்காரர்களுக்கு வராத கோளாறு. குரங்குக் குல்லா இயர்பட்ஸை நாள் முழுக்க உள்ளே அமுக்கிக்கொண்டிருக்கும். பாட்டு தானாக நிற்பது, தானாக அடுத்ததுக்குப் போவது எல்லாம் கம்பளி தொடும் வேலைதான். ஆப்பில் தொடு வசதியை அணைத்துவிடுங்கள். வெளிச் சத்தத்தை உள்ளே விடும் வசதி போட்டிருக்கும்போது 'கீச்' என்று கேட்டால், குல்லா மைக்கை மூடியிருக்கிறது. பழுது இல்லை.

அரிப்பு, ஈரக்கசிவு, வாடை, மடலை இழுத்தால் வலி இருந்தால் இயர்போனை எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் நசநசவென்று மழை பெய்யும் இடத்தில் ஈரக் காதை நாள் முழுக்க ரப்பரால் அடைத்தால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். சரியான பிறகு பழைய பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். அடுத்தவர் ரப்பரை வாங்கி மாட்டுவதும் வேண்டாம், அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

## மலை இறங்கும்போது சத்தம் செத்துப்போகிறது

"பர்லியார்ல செத்துப்போச்சுண்ணா, மேட்டுப்பாளையத்துல கழட்டி மாட்டினேன், உசுரு வந்துருச்சு" என்று ஒரு கல்லூரிப் பையன் வந்தான். அவன் வாரா வாரம் கோயம்புத்தூர் போய்வருபவன். ஒயரையும் ஜாக்கையும் பலமுறை பார்த்துவிட்டு, கடையில் ஒரு குறையும் இல்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தேன். கடை இருப்பது மேலே, கோளாறு வருவது பாதி வழியில். எப்படித் தெரியும்?

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். இறங்க இறங்க வெளிக் காற்றின் அழுத்தம் ஏறும். ரப்பர் காற்றுப் புகாமல் அடைத்திருந்தால் காதுத் துளைக்குள் மட்டும் குன்னூர்க் காற்று. அந்த வித்தியாசம் இயர்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சத்தம் குறையும். மாட்டும்போது 'க்ரிக்' என்று பாலித்தீன் நசுங்குவதுபோல் கேட்கிறதே, அதுவும் இதே சவ்வுதான்.

இயர்போனைக் கழற்றினாலும் காது அடைத்தேதான் இருக்கிறதா? அது உங்கள் காது. எச்சிலை விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், ஒரு மிட்டாய் சப்புங்கள். 'பொட்' என்று திறந்துவிடும். சளி பிடித்திருக்கும் நாளில் சீக்கிரம் திறக்காது, மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதாதீர்கள். ஓரிரு நாளில் திறக்காவிட்டால், அல்லது வலித்தால், மருத்துவர்.

கழற்றியதும் காது சரி, திரும்ப மாட்டினால் சத்தமும் சரியா? ரப்பர் மிக இறுக்கம், அல்லது இயர்போன் உடலில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. குண்டூசி முனை அளவுதான் இருக்கும், தேடினால் தெரியும். பிரஷால் மேலோட்டமாகத் தட்டிவிடுங்கள், உள்ளே எதையும் குத்தக் கூடாது, சவ்வு கிழிந்துவிடும். துளை சுத்தமாக இருந்தும் தொடர்ந்தால் ஒரு அளவு சின்ன ரப்பர். அதுவும் வேண்டாம் என்றால் பயணத்தின்போது அவ்வப்போது ஒரு நொடி கழற்றி மாட்டுங்கள். அந்தப் பையன் இப்போது அதைத்தான் செய்கிறான்.

## நடந்தால் டொக் டொக் என்று கேட்கிறது

ஒயர் ஸ்வெட்டரில் உரசுகிறது. காதுக்கு மேலே சுற்றி, சட்டையில் கிளிப் போட்டுவிடுங்கள். ஒயரே இல்லாததிலும் காலடிச் சத்தம் கேட்டால் அது உங்கள் உடம்பின் சத்தம், காது அடைபட்டதால் பெரிதாகக் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் ஆழமாக மாட்டினால் குறையும், முழுதாகப் போகாது.

## மார்கழி, தையில் மட்டும் மக்கர் செய்கிறது

பஞ்சு விறைத்துப்போய் உருட்டவும் முடியாது, உள்ளே போனால் விரியவும் செய்யாது. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் காலையில் கேட்கவே வேண்டாம். உள்ளங்கையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றி மாட்டுங்கள்.

இயர்பட்ஸ் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதா? குளிரில் அப்படித்தான். பெட்டியை வெளிச் சட்டைப் பையில் வைக்காமல் உள் பையில் வையுங்கள். வெயில் காலத்திலும் அரை மணிதான் நிற்கிறது என்றால் பேட்டரி வயதாகிவிட்டது. அந்தச் சின்னப் பேட்டரியை நீங்களாகப் பிரிக்க வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கம்பெனி சர்வீஸ் மாற்றித்தருமா என்று கேளுங்கள், மாட்டார்கள் என்றால் அதன் காலம் முடிந்தது.

## ஒரு பக்கம் மட்டும் மெல்லக் கேட்கிறது

முதலில் போன் செட்டிங்கில் இடது வலது அளவு நடுவில் இருக்கிறதா பாருங்கள். பிறகு இடது காதில் இருப்பதை வலதிலும், வலதில் இருப்பதை இடதிலும் மாற்றி மாட்டுங்கள். கோணலாக நிற்கும், பரவாயில்லை, கையால் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

குறைச்சல் இயர்போனோடு சேர்ந்து மற்ற காதுக்குப் போய்விட்டதா? இயர்போன்தான். ரப்பரைக் கழற்றி வலையைப் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தால் வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். மேலே பார்க்கும்படி பிடித்துத் தேய்த்தால் அழுக்கெல்லாம் உள்ளே போகும். தண்ணீர், ஸ்பிரிட் எதையும் ஊற்றாதீர்கள். அழுக்கே இல்லாமல், குளிர் நாளில் மட்டும் சத்தம் மங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்தால் திரும்பி வருகிறது என்றால் ஈரம். காதின் சூடான ஆவி குளிர்ந்த வலையில் நீராகப் படிகிறது. செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பியில் ஓரிரவு வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். உருகிப்போய் வந்தது இரண்டு பார்த்திருக்கிறேன்.

இயர்பட்ஸில் ஒரு பக்கம் முழுதாகவே வேலை செய்யாவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் பித்தளை நிறப் புள்ளிகளையும் இயர்பட்டின் அடியையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள். ஒயர் கழற்றி மாட்டும் வகை என்றால் ஒயரை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறை ஒயரோடு போனால் ஒயர் மட்டும் வாங்கினால் போதும். இவை எதற்கும் அசையாவிட்டால் உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. வாரன்டி இருந்தால் பில்லோடு போங்கள், அதற்கு முன் எங்களை மாதிரி ஆட்களிடம் கொடுத்துப் பிரித்துவிடாதீர்கள்.

இயர்போனை மாற்றியும் அதே காதில்தான் குறைகிறதா? அப்படியானால் இயர்போனை விட்டுவிடுங்கள். ரப்பர் அந்தக் காதில் ஒழுகலாம், "ம்ம்ம்" சோதனை செய்யுங்கள். ஒழுகல் இல்லை என்றால் காதில் குறும்பி சேர்ந்திருக்கும். தினமும் ரப்பர் உள்ளே தள்ளித் தள்ளி அது கட்டியாகிவிடும். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள், மருத்துவர் எடுத்துவிடுவார். ஆனால் திடீரென்று, ஒரே நாளில், ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கோ மறுநாளோ போய்விடுங்கள். அதில் நாள் கடத்தக் கூடாது.

இந்த மாற்றி மாட்டும் சோதனை எனக்குத் தோன்றியது ஒரு முட்டாள்தனத்துக்குப் பிறகு. என் சொந்த இயர்போனில் வலது பக்கம் மங்கியது. ஒயர் மாற்றினேன், வலையைப் பிரித்தேன், கடைசியில் கடையிலிருந்தே புதிதாக ஒன்று எடுத்து மாட்டினேன். அதிலும் வலது பக்கம் மங்கல். ஊட்டியில் மருத்துவர் காதிலிருந்து எடுத்துக் காட்டியது மிளகு அளவு இருந்தது. பிரித்துப் போட்ட அந்தப் பழைய இயர்போன் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது.